மீனுக்கு ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு நாள்

(சென்ற ஆண்டு நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில், விலங்கியல் துறை மாணவர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீங்க மீனைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்றார். மீனைப் பற்றிப் பேசிவிட்டு அதே மீனைச் சாப்பிட அனுப்புவது கொஞ்சம் சங்கடம்தான். (சிரிப்பு) இருந்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மீன் இறங்குதுறைகளில் நின்று, வந்த மீன் எது, எவ்வளவு என்று எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைத்தான் பேசப் போகிறேன். கடைசியில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். அது நம் கல்லூரி சம்பந்தப்பட்டது.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. சீலா மீன் என்றால் எந்த மீன்?

(அரங்கில் பல குரல்கள்)

பார்த்தீர்களா! தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து நண்பர்கள், "துண்டு போட்டு வறுக்கிற மீன், விலை கூடுன மீன்" என்கிறார்கள். சென்னையிலிருந்து வந்திருப்பவர்கள், "இல்லை இல்லை, அது வஞ்சிரம். ஷீலா வேற. நீளமா, நாய் மாதிரி பல்லு வச்சிருக்கும்" என்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். தூத்துக்குடியில் சீலா என்பது சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. சென்னையில் ஷீலா என்பது எங்கள் ஊரில் ஊழி. ஒரே கடற்கரை, ஒரே மொழி. ஆனால் பெயர் மட்டும் கரையோரமாக நடந்து போகும்போது ஆளை மாற்றிக்கொண்டே போகிறது.

இது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. இந்தப் பெயரால் நான் பட்டிருக்கிறேன். 1985-ல் எனக்குச் சென்னையில் வேலை. காசிமேட்டில் காலையில் வந்திறங்கும் மீனைக் கணக்கெடுக்க வேண்டும். நானோ தெற்கத்திப் பையன். கூடை கூடையாக இறங்கும், ஐஸ் மூடியிருக்கும், ஏலம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். "இது என்ன மீன்?" என்று கேட்பேன், "ஷீலா" என்பார்கள். நான் நம்ம ஊர் சீலா என்று நினைத்து வஞ்சிரம் கணக்கில் எழுதிவிடுவேன். வஞ்சிரம் என்று சொன்னதையும் அதே கணக்கில் எழுதுவேன். மூன்று வாரம் இப்படி ஓடியது. "இங்கே சீலா இவ்வளவு கிடைக்கிறதே" என்று எனக்கே ஆச்சரியம். கடைசியில் மீன் விற்கும் ஒரு அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்து விசாரித்துவிட்டு, "இன்னா சார், படிச்சவரு நீ, ஷீலாவப் போயி வஞ்சிரம்னு எழுதினுகீற?" என்று கேட்டுவிட்டார். கூடைக்குள் கையை விட்டு இரண்டு மீனையும் எடுத்து என் முன்னால் போட்டு, "முதுகப் பாரு சார்" என்றார்.

அன்றைக்கு அவர் காட்டியதைத்தான் நான் பின்னாளில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தேன். ஊழி மீனுக்கு முதுகில் இரண்டு துடுப்பு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். வஞ்சிரத்துக்கு இரண்டாவது துடுப்பு முடிந்த பிறகு வால் வரைக்கும் மேலும் கீழும் சின்னச் சின்னத் துணைத்துடுப்புகள் வரிசையாக, ரம்பப் பல் மாதிரி நிற்கும். ஊழிக்கு அவை கிடையாது. இதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம், பட்டமும் வேண்டாம். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று வாரக் கணக்கை அடித்துத் திருத்தி, மேலதிகாரியிடம் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு மீன் வளம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறார்கள். அதை வைத்துத்தான் வலைக்கண் அளவு, தடைக்காலம் என்றெல்லாம் பேசுகிறார்கள். அடியில் பெயர் தப்பானால் மேலே கட்டுகிற கணக்கெல்லாம் தப்பு.

வஞ்சிரம் என்று எழுதிவிட்டாலும் வேலை முடியாது. நம் கடலில் வஞ்சிரத்தில் முக்கியமாக மூன்று இனம் உண்டு. உடம்பில் மேலிருந்து கீழாக நெளிநெளியான கோடுகள் இருந்தால் ஓர் இனம். வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் வேறு இனம். படுக்கைவாட்டில் சின்னச் சின்னக் கீற்றுகள் இருந்தால் மூன்றாவது இனம். நிறம் மங்கிப்போன மீனாக இருந்தால் பக்கவாட்டுக் கோட்டைப் பார்க்க வேண்டும். நெளிகோட்டு வஞ்சிரத்தில் அந்தக் கோடு இரண்டாம் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே சட்டென்று கீழ்நோக்கி வளையும்.

வாவல் மீன் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை வாவல், கருப்பு வாவல் இரண்டையும் அண்ணன் தம்பி என்று நினைப்போம். அப்படி இல்லை. கருப்பு வாவலின் வால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாகச் செதில் தட்டும். அது பாறை மீன் குடும்பத்தின் அடையாளம். கருப்பு வாவல் உண்மையில் பாறைக்குச் சொந்தக்காரன், வாவலுக்கு இல்லை. காரல் மீனுக்கு வாயை இழுத்துப் பார்க்க வேண்டும். மேல்நோக்கி நீண்டால் ஓர் இனவகை, கீழ்நோக்கி நீண்டால் ஒன்று, நேராக முன்னால் நீண்டு உள்ளே கோரைப்பல்லும் இருந்தால் இன்னொன்று.

இன்னும் ஒன்றே ஒன்று. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சாளையில் பல இனம். எல்லாம் வெள்ளி நிறம், எல்லாம் ஒரு சாண். அதில் மத்தி, நெய்ச்சாளை என்று சொல்கிறோமே, அதைப் பிரித்து அறிய வயிற்றடியில் இருக்கும் சின்னத் துடுப்பை விரித்து அதில் உள்ள கதிர்களை எண்ண வேண்டும். மத்திக்கு 9 இருக்கும். நம் கரையின் மற்றச் சாளைகளுக்கு 8. ஒரு கதிர் வித்தியாசம். தலையும் மத்திக்கு நீளம்.

நண்பர்களே, ஊர்ப் பெயர் குழப்பம் என்றேன். அதனால் ஊர்ப் பெயர் மட்டம், இலத்தீன் பெயர்தான் உசத்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவியல் பெயரே பல இடங்களில் ஊர்ப் பெயரிலிருந்துதான் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்று ஒரு மிஷன் போதகர் இருந்தார். நம் கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பி வைத்தார். பிளாக் அன்றைய ஐரோப்பாவின் பெரிய மீன் அறிஞர். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு அந்தப் போதகரின் பெயரால் ‘ஜோனியஸ்’ என்று 1793-ல் பெயர் வைத்தார். அதில் ஒரு மீனின் முழுப்பெயர் ‘ஜோனியஸ் கருட்டா’. கருட்டா என்றால் என்ன இலத்தீன் என்று நான் மாணவனாக இருந்தபோது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அது இலத்தீனே இல்லை, நம்ம ‘கருத்த கத்தாளை’தான்! தரங்கம்பாடி மீனவர் வாயிலிருந்து வந்த சொல், இருநூறு வருஷத்துக்கு மேலாக உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது.

அதே மாதிரி பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் விசாகப்பட்டினத்தில் 200 மீன்களை வரைந்து விவரித்து, 1803-ல் நூலாக வெளியிட்டார். மீன்களை அவ்வூர்த் தெலுங்குப் பெயராலேயே குறித்தார். கானாங்கெளுத்தி, அயிலை, கும்பளா என்று நாம் சொல்லும் மீனின் அறிவியல் பெயரில் வரும் ‘கனகுர்த்தா’ அங்கிருந்து வந்ததுதான். அதன் பிறகு சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இந்தியாவின் மீன்கள்’ நூலை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம். நாங்கள் படித்த காலத்தில் நம் துறை நூலகத்தில் இருந்தது, மன்ரோ 1955-ல் எழுதிய இலங்கை மீன்கள் பற்றிய நூல். அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, அதைப் புரட்டாத மாணவன் கிடையாது.

இவர்கள் எல்லாரும் செய்த காரியம் ஒன்று உண்டு. மீனைப் பிடித்து, பெயரைக் கேட்டு, எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்தார்கள். பிளாக் சேர்த்த மீன்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

ஊர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சமீப கால உதாரணம். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சுறா, திருக்கை இனங்களை எல்லாம் மொத்தமாகச் சேர்த்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு இறுதியில் 10 இனங்களாகக் குறைத்தார்கள். அந்தப் பத்தில் ஒன்று, நம் பக்கத்தில் உழுவை என்று சொல்கிறோமே, சுறாவா திருக்கையா என்று பார்க்கிறவர் திகைக்கும் மீன், அதில் பெரிய வகை. சட்டத்தில் போட்ட அறிவியல் பெயர் எந்த இனத்தைக் குறிக்கிறது என்று பின்னாளில் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த இனம் செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் வாழ்வது என்று தெரிந்தது. நம் கடலில் இருப்பவை அதன் உறவுக்கார இனங்கள், பெயர் வேறு. ஆக, காப்பாற்ற வேண்டிய மீன் வலையில் கிடக்கிறது, சட்டத்தில் இருக்கும் பெயர் வேறு கடலில் நீந்துகிறது. நூறு வருஷமாகப் பழைய நூலைப் பார்த்து அதே பெயரை எழுதி வந்ததன் விளைவு. அந்த அட்டவணைகளை 2022-ல் சட்டத் திருத்தத்தின் மூலம் மாற்றி அமைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இப்பத்தான் டி.என்.ஏ. வந்துடுச்சே, ஒரு துணுக்குச் சதை போதுமே?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்மைதான். நல்ல கருவிதான், நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அந்தத் துணுக்கை எதோடு ஒப்பிடுவது? யாரோ ஒருவர் முன்பே சரியாக அடையாளம் கண்டு, ஊரும் நாளும் எழுதிப் பத்திரப்படுத்திய மீனோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த முதல் மீனுக்குத் தப்புப் பெயர் இருந்தால் மிஷினும் தப்புப் பெயரைத்தான் சொல்லும். மேலும் ஃபார்மலினில் வருஷக்கணக்காக ஊறிய மீனிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.

ஃபார்மலின் என்றதும் நம் மியூசியம் ஞாபகம் வந்திருக்கும். இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

1976 முதல் 1979 வரை நான் இங்கே இளங்கலை விலங்கியல் படித்தேன். நம் மியூசியத்தில் நுழைந்தவுடன் எதிர்ச் சுவரில் ஒரு வேளாக் கொம்பு தொங்கும், நினைவிருக்கிறதா? ஒரு ஆள் கை நீளத்துக்கு மேல் இருக்கும், இரண்டு பக்கமும் பல். நாங்கள் அதில் லேப் கோட்டை மாட்டுவோம், திட்டு வாங்குவோம். வேளா மீன் நம் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்த மீன். பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி பட்டினப்பாலையிலேயே உண்டு. இன்றைக்கு நம் கரையில் வேளாவைப் பார்ப்பதே அபூர்வம். என் வேலைக் காலத்தின் கடைசிப் பத்து வருஷத்தில் நான் ஒன்றைக்கூட உயிரோடோ பிணமாகவோ பார்க்கவில்லை.

1978 தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று சொன்னார்கள். மியூசியத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு எங்கள் மூன்று பேருக்கு. வழக்கமாக அதைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி, மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். போகும்போது, "தம்பி, சீட்டை மட்டும் நனைய விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் என்ன செய்தோம்? ஜாடிகளைத் தொட்டியில் இறக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கேண்டீனுக்கு டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் லேபிள் எல்லாம் தண்ணீரில் மிதக்கிறது. மை கரைந்து நீலமாக ஓடுகிறது. 14 ஜாடிகள்.

நேரமில்லை, மறுநாள் குழு வருகிறது. மன்ரோ நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்ததை நினைவிலிருந்தும் தெரியாததை ஊகத்திலிருந்தும் எழுதி ஒட்டினோம். மூவரில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்கு, நான்தான் எழுதினேன். இடம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் "தூத்துக்குடி" என்று போட்டேன். ஆண்டு என்ற இடத்தில் 1978. வேளாக் கொம்பை இறக்கி வார்னிஷ் அடித்தபோது, நூலில் கட்டியிருந்த அட்டைச் சீட்டு பழுப்பேறி அசிங்கமாக இருக்கிறது என்று அறுத்துக் குப்பையில் போட்டோம். குழு வந்தது, மியூசியத்தைப் பாராட்டியது. துறைத் தலைவர் எங்களுக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

அண்ணாச்சி திரும்பி வந்தார். ஜாடிகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொம்பைப் பார்த்தார். "இதுல இருந்த சீட்டு எங்க தம்பி?" என்றார். "பழசாயிட்டு அண்ணாச்சி, கிழிஞ்சிருந்திச்சு" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். பல வருஷம் கழித்துத்தான், துறையில் வேலை பார்த்த இன்னொருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அந்த வேளா அண்ணாச்சியின் அப்பா வலையில் பட்டதாம். அவர்தான் கல்லூரிக்குக் கொடுத்தாராம். எந்தக் கரையில், எந்த வருஷம் என்று சொன்னவருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியிடம் கேட்கலாம் என்றால் அவர் 1991-லேயே காலமாகிவிட்டார். கூடவே மூன்று வருஷம் இருந்தவன் நான், ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதை நான் மறந்துகூட இருந்திருப்பேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஆய்வு மாணவி தொலைபேசியில் அழைத்தார். கல்லூரி மியூசியங்களில் இருக்கும் பழைய மீன்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறாராம். "சார், உங்க காலேஜ்ல ஒரு ஜாடியில மத்தி இருக்கு. நான் கதிர் எண்ணிப் பார்த்தேன், 9, சந்தேகமே இல்ல. லேபிள்ல தூத்துக்குடி, 1978-னு இருக்கு. உங்க கையெழுத்துன்னு சொன்னாங்க" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. மத்தி அந்தக் காலத்தில் பெரும்பாலும் மேற்குக் கரை மீன். கேரளத்திலும் கர்நாடகத்திலும் மலைபோல் கிடைத்தது, நம் கிழக்குக் கரையில் சொற்பம். 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் இங்கே மிகுதியாக வரத் தொடங்கியது. கடல் எப்படி மாறுகிறது என்று படிப்பவர்களுக்கு, 1978-ல் தூத்துக்குடியில் பிடிபட்ட ஒரு ஜாடி மத்தி என்பது பெரிய சாட்சி. அந்தச் சாட்சியை எழுதியது தொட்டித் தண்ணீருக்குப் பயந்த ஒரு இரண்டாம் ஆண்டு மாணவன்! நாங்கள் படிப்பதற்கு முன்பே மாணவர்கள் கொச்சிக்குக் கல்விச் சுற்றுலா போய்ப் பல மீன்களைக் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த மத்தி அங்கிருந்து வந்திருக்கலாம், இங்கேயும் பிடிபட்டிருக்கலாம். இனி யார் சொல்வது? "அம்மா, அந்த லேபிளை நம்பாதீங்க" என்று நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சொன்னதுக்கு நன்றி சார்" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சென்ற ஆண்டு முதல்வர் அனுமதியோடு மியூசியத்துக்குப் போனேன். கொம்பை இறக்கித் துடைத்துப் பற்களை எண்ணினேன். ஒரு பக்கம் 19, மறுபக்கம் 20. கொம்பின் அடியிலிருந்தே பல் தொடங்குகிறது. அடியில் கால் பகுதி வழுக்கையாக இருந்தால் அது கத்திப்பல் வேளா, இது அதுவல்ல. பச்சை வேளாவுக்குப் பல் 23-க்குக் குறையாது, நுனியில் நெருக்கமாகவும் இருக்கும், இது அதுவும் அல்ல. ஆகவே இது பெரும்பல் வேளா. நாங்கள் படித்தபோது அதற்கு ‘பிரிஸ்டிஸ் மைக்ரோடான்’ என்று பெயர். 2013-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு அதை ‘பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ்’ என்ற இனத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர் மாறினால் என்ன, கொம்பு இருக்கிறது, எண்ணிப் பார்த்துப் புதுப் பெயரை எழுதிவிட்டேன்.

எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. பெயரை மீனே சொல்லிவிடும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்கு வருகிற கெட்டிக்காரனிடம் சொல்லும். துடுப்பும் பல்லும் செதிலும் அங்கேயேதான் இருக்கின்றன. ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்பதை மீன் சொல்லாது. அதை மனிதன்தான் எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவை தொலைந்தால் தொலைந்ததுதான். நான் தொலைத்தது பெயரை அல்ல, ஊரையும் நாளையும். நம் கரையில் வேளா எங்கே எப்போது இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரு சீட்டை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குப்பையில் போட்டேன்.

அந்த 14 ஜாடிகளிலும் இப்போது என் கையெழுத்தில் ஒரு புதுச் சீட்டு இருக்கிறது. நனைந்தாலும் கரையாத மையில், தடித்த தாளில், ஜாடிக்கு உள்ளேயே போட்டிருக்கிறேன். "இந்த ஜாடியின் மூல லேபிள் 1978-ல் அழிந்தது. பிடித்த இடம், நாள் தெரியாது. முன்பு எழுதப்பட்டிருந்தவை ஊகம்" என்று எழுதிப் பெயரும் போட்டிருக்கிறேன். பழைய லேபிளைக் கிழிக்கவில்லை, அதுவும் இருக்கட்டும். கொம்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் பொருள் என்பதால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதையும் முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நன்கொடை கேட்கவில்லை, பயப்படாதீர்கள். (சிரிப்பு) நாம் எல்லாரும் பிராக்டிகலுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதினோம். ஸ்பாட்டர் என்று மியூசியத்தில் இருக்கும் மாதிரிகளைப் பார்த்து வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினோம். உங்களில் யாராவது ஒரு பொறுப்பான ஆள், 1978-க்கு முன்னால் படித்தவர், லேபிளில் இருந்த ஊரையும் தேதியையும் அப்படியே பார்த்து எழுதியிருக்கலாம். என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வேளாக் கொம்பை அழகாக வரைந்து நிழல்கூடப் போட்டிருக்கிறேன். சீட்டில் இருந்ததை மட்டும் எழுதவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், இரும்புப் பெட்டியில், அம்மா பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாமல் விட்டிருந்தால், அந்த நோட்டைத் தேடிப் பாருங்கள். மியூசியம் சுவர் தெரிகிற குரூப் போட்டோ இருந்தாலும் கொண்டு வாருங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அந்த அட்டையில் ஒரு வார்த்தை தெரிந்தாலும் போதும். அண்ணாச்சியின் குடும்பத்தார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். அவர்களிடம் நான் நேரில் போய்க் கேட்க வேண்டும். மன்னிப்பும்தான்.

இங்கே வந்திருக்கும் இன்றைய மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கடற்கரைக்குப் போய் ஒரு மீனைப் பார்த்தால் கைபேசியில் படம் எடுக்கிறீர்கள், நல்லது. படத்தோடு சேர்த்து ஊர், நாள், எந்த வலையில் வந்தது, அதைக் கொண்டு வந்தவர் அதற்கு என்ன பெயர் சொன்னார், இந்த நாலையும் எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அது கேவலம் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி அழகான கையெழுத்தில் எழுதுவதுதான் கேவலம். அதற்கு உதாரணம் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை நான் மியூசியத்துக்கு வருகிறேன். எண்ண வேண்டிய துடுப்பும் பார்க்க வேண்டிய பல்லும் நிறைய இருக்கின்றன. கூட உட்கார ஆள் வேண்டும். கேண்டீனில் டீ இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத்தான் போக வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்றைய விருந்தில் மீன் உண்டு என்று கேள்வி. சீலாவா, வஞ்சிரமா, நெய்மீனா என்று பந்தியில் சண்டை போடாதீர்கள். எந்த ஊரில் பிடித்தது என்று மட்டும் பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.